இன்னும் எட்டே வாரம்

காதில் பென்சிலைச் செருகிய ஒருவன் கால்வாய்க் கரையில் நின்று தாங்கள் குடியிருக்கும் படகை நாடா வைத்து அளப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்ததும் டெஸ்மண்ட் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"வந்துட்டாங்க, ஹெஸ்டர். கால்வாய் ஆபீஸ்காரங்கதான். நோட்டுல என்னமோ எழுதறான் பாரு."

நிறுத்திவைக்கச் சொந்தத் துறை இல்லாத படகு ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இவர்கள் வந்து இன்றோடு இருபது நாள். படகை ஓட்ட ஒரு ஆள், இறங்கி வழியிலுள்ள மதகைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். இருமிக்கொண்டே இருக்கும் மனைவியை மழையில் இறக்கிவிட டெஸ்மண்டுக்கு மனம் வரவில்லை.

"டாக்டர் சீட்டு எங்க வெச்சே?"

"ரொட்டி டப்பாவுக்கு அடியில. இரு, எடுத்துத் தரேன்."

"நீ எழுந்துக்காதே! அப்புறம் நான் எப்படிப் போறது?"

ஏழடி அகலப் படகு அது. அலமாரியும் அடுப்பும் போக மிச்சமிருப்பது ஒரு ஆள் நடக்கிற இடம்தான். ஒருவர் நடந்தால் மற்றவர் உட்கார வேண்டும். முப்பது வருடக் குடித்தனத்தில் கற்றுக்கொள்ளாத விட்டுக்கொடுத்தலை இருவரும் இங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

சுவரெல்லாம் ஓதம். காலையில் சன்னலைத் துடைத்த துணியைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் தேறும். இன்னொரு குளிர்காலம் இந்த ஈரத்தில் இருந்தால் ஹெஸ்டரின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்டோபர் பாதி போய்விட்டது.

புதுப் படகுக்குச் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. அந்த நம்பிக்கையில் இதைத் தரகர் மூலம் மார்ச் மாதமே யாருக்கோ விற்றும் ஆயிற்று. புதுசு வந்த அன்றைக்கு இதன் சாவியைக் கொடுப்பதாக ஒப்பந்தம். காலையில்கூட டெஸ்மண்ட் படகு கட்டும் பட்டறைக்குப் போன் செய்தார்.

"இன்னும் எட்டே வாரம், டெஸ்மண்ட்!" என்றார் பட்டறைக்கார கோலின்.

"மார்ச்லயும் இதையேதானய்யா சொன்னே?"

"இரும்பு வேலை, பெயிண்டு எல்லாம் முடிஞ்சாச்சு. உள்ள மரவேலைதான் பாக்கி. அதுக்கு ஆளும் பிடிச்சுட்டேன், இன்னும் வந்து சேரல. வந்த நாள்லேர்ந்து எட்டே வாரம்."

முதலில் இரும்பு வரவில்லை. அப்புறம் கண்ணாடி வரவில்லை. கோலினின் பட்டறைக்கு வராமல் இருக்க ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆத்திரப்பட்டுத் திட்டினால் அந்த எட்டு வாரம் பத்தாகிவிடுமோ என்று பயந்து, "சரிப்பா, பார்த்துச் செய்" என்று போனை வைத்தார் டெஸ்மண்ட்.

இப்போது சீட்டும் கையுமாகக் கதவைத் திறந்தார்.

"சார், என் மனைவிக்கு உடம்பு சரியில்ல. பாருங்க, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா..."

வந்தவன் திருதிருவென்று விழித்தான். "ஐயோ, நான் ஆபீஸ்காரன் இல்ல சார். என் பேரு ஜேகோ. இந்தப் படகை வாங்கினவன். கூரைமேல என் கருவிப் பெட்டி வைக்க இடம் இருக்கான்னு அளந்தேன்."

டெஸ்மண்டுக்கு உயிர் வந்தது. அவன் எதற்கு வந்திருப்பான் என்று யோசித்ததும் அது மறுபடி போனது.

ஹெஸ்டர் தேநீர் கொடுத்தாள். உள்ளே இடமில்லாததால் ஜேகோ வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க. படகை எப்போ காலி பண்ணித் தருவீங்க? ஆறு மாசமா அக்கா வீட்டு சோபாவுல கிடக்கேன். அத்தான் என்கிட்டப் பேசறதையே விட்டுட்டாரு."

"புதுசு வந்தாத்தானே தம்பி நாங்க இறங்க முடியும்?"

"எனக்கு இந்தப் பக்கம் வேலை கிடைச்சாச்சு சார். தங்க இடமில்லாம சேர முடியல. வாடகைக்குப் போகலாம்னா, இருந்ததையெல்லாம் இந்தப் படகுல போட்டுட்டேன். அந்த முதலாளி வேற தினம் போன் போட்டுக் கெஞ்சறாரு."

"நாங்க மட்டும் எங்க போறது?" டெஸ்மண்ட் டாக்டர் சீட்டை அவனிடம் நீட்டினார். "நானும்தான் கெஞ்சறேன். உன்னைத் துரத்தவும் முடியல, இவளை வெச்சுக் காப்பாத்தவும் முடியல. அந்தப் பட்டறைக்காரனுக்கு ஈவு இரக்கமே கிடையாது."

ஹெஸ்டர் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசையாகச் சொல்ல அவளிடம் அந்தப் புதுப் படகு ஒன்றுதான் இருந்தது.

"பச்சைப் படகு தம்பி. மஞ்சக் கோடு போட்டது. ரெண்டு பக்கமும் இறங்கற மாதிரி கட்டில். இருமல் வந்தா இவரைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் பாருங்க."

ஜேகோ கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "அடுப்புக்குப் பக்கத்துல மடக்கு மேசையா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரைபடம் அனுப்பியிருந்தாங்க. பட்டறைக்காரர் பேரு கோலினா?"

இருவரும் தலையாட்டினார்கள். ஜேகோ காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் குறை சொல்வதென்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அங்க இன்னும் வந்து சேராத தச்சன் நான்தாங்க."