கழுதை யார் மேஜையில்?

“இந்த மாசத்துல இது மூணாவது தடவை சார். இனி இந்தப் பொண்ணோட என்னால மாரடிக்க முடியாது. வேற டீமுக்கு மாத்திடுங்க,” என்றார் டீம் லீடர்.

மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாக அவள் மேஜையைப் பார்த்தார். ஆள் இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு துணிக் கழுதை காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கழுதை, லீடரின் யோசனை. டீமில் ஆளாளுக்கு எழுதும் புரோகிராமை எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஏதாவது உடைந்தால் சுவரில் இருக்கும் பெரிய திரை சிவந்து, சேர்க்கும் பொத்தானை அழுத்தியவர் பெயரைக் காட்டும். அவர் மேஜைக்குக் கழுதை போய்விடும். அடுத்த ஆள் மாட்டும்வரை அங்கேதான் வாசம். விளையாட்டாக ஆரம்பித்த விஷயம், இப்போது கழுதை வந்தால் சாப்பாடு இறங்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

லீடர் மேஜைக்கு மட்டும் அது வந்ததே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் அரை நாள் லீவ். மதியம் வந்ததும் பேசி வேறு டீமுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொன்னார்.

வெளியே வந்த லீடருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் எழுதிய பகுதியை இன்றே சேர்த்தாக வேண்டும். சாயந்திரம் கிளையன்ட் வருகிறார். வழக்கமாக, “நீயே சேர்த்துடும்மா” என்று அவள் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இதென்ன பெரிய பிரம்ம வித்தையா என்று இன்று தானே பொத்தானை அழுத்தினார்.

திரை சிவந்தது. அவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்து நின்றது.

“என் மெஷின்ல நல்லாத்தானே ஓடிச்சு?”

ஒருத்தரும் நிமிரவில்லை. பக்கத்து சீட் டெஸ்டர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

“ஒரு ஃபைலை உங்க மெஷின்லயே விட்டுட்டீங்க சார். எப்பவும் விடறதுதான். அக்கா கண்டுபிடிச்சு, அதைத் தானே எழுதிச் சேர்த்துடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

“அப்போ அந்த மூணு தடவை?”

“அதுவும் நீங்க விட்டதுதான் சார். அவங்க கண்ணுலயும் படாம தப்பினது.”

லீடர் கூனிக் குறுகிப் போனார். அவர் மேஜையில் கழுதையை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. தானே போய் எடுத்து வந்து வைத்துக்கொண்டார். அந்த நாலடி தூரத்தில் அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மதியம் அவள் வந்தாள். கழுதை இல்லாத தன் மேஜையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நேராக லீடரிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அதை என் மேஜையிலயே வெச்சிடுங்க சார். சாயந்திரம் கிளையன்ட் வர்றாரு. உங்க மேஜையில இருந்தா நல்லா இருக்காது.”

செவிட்டில் அறைந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “அந்த மூணு தடவை கழுதை வாங்கின ஆள் வந்தாச்சா? உள்ள அனுப்புங்க.”

அவள் மிரண்டு போய் லீடரைப் பார்த்தாள்.

“நீ உட்காரும்மா,” என்று சொல்லிவிட்டு, கழுதையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லீடர் உள்ளே போனார்.