கோட்டின் இரண்டு பக்கம்

ஃபோட்டோ ஸ்டுடியோவில் கணினி வேலை பார்க்கும் ஜெசிந்தாவுக்கு மவுஸைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பிரியப்போகும் மகிழனும் தாமரைச்செல்வியும் ஒன்பது வருடப் படங்களைப் பங்கு பிரிக்க வந்திருந்தார்கள். திரையில் அவனுக்கொரு ஜன்னலைத் திறந்து, அவளுக்கொன்றை மூடி அலுத்துப்போன ஜெசிந்தா, திரையின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமாகக் காட்டும் வேறொரு மென்பொருளைப் போட்டாள். இடப்பக்கம் அவனுடைய பிரதி, வலப்பக்கம் அவளுடையது. வேண்டாததை அவரவர் பக்கத்தில் அழித்துக்கொள்ளலாம்.

"அவ இருக்குற படம் எதுவும் எனக்கு வேணாம்."

"எனக்கும் அவர் இருக்குறது வேணாம்னு சொல்லிடுங்க."

"பக்கத்துலதானே உக்காந்திருக்காரு, நீங்களே சொல்லலாமேங்க."

தாமரைச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு மாறி மாறி அழித்தாள். மதியம் தாண்டியபோது இரண்டு பக்கத்திலும் மிஞ்சியவை ஆளில்லாத படங்கள்: பால் பொங்கி வழிந்த அடுப்பு, மழையில் நனையும் ஸ்கூட்டர், மேசையில் இரண்டு டம்ளர். அப்போதுதான் உறைத்தது. எரிச்சலில் பிரதி எடுக்கவே மறந்திருந்தாள். கோட்டின் இரு பக்கமும் திறந்திருந்தது ஒரே கோப்புறை. அவன் அழித்தது அவளுக்கும் போயிற்று, அவள் அழித்தது அவனுக்கும்.

"தப்பு என்னோடதுதான். எல்லாம் குப்பைத்தொட்டியில இருக்கு, திருப்பி எடுத்துடலாம். எடுக்கவா, வேணாமா? யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க."

மகிழன் திரையில் அந்த இரண்டு டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் திரும்பினான்.

"உன்னத்தான் கேக்குறாங்க, செல்வி."