ஜானவாசக் காரில் சிவப்பு விளக்கு

"அபினவ், அந்தச் சிவப்பு விளக்கு சும்மா எரியறதா, இல்லே நம்மகிட்ட ஏதாவது சொல்றதா?" என்றார் கல்யாணராமன்.

அபினவ் குனிந்து பார்த்தான். சின்னப் பெட்டி மாதிரி ஒரு படம். உள்ளே கூட்டல் குறி, கழித்தல் குறி.

"பேட்டரி விளக்கு அங்கிள். கவலைப்படாதீங்கோ, பேட்டரி புதுசுன்னு குணா சொன்னான்."

"அப்போ விளக்குதான் பழசாயிடுத்தா?"

அபினவின் சிநேகிதன் குணாவின் ஸ்போர்ட்ஸ் கார் அது. ரத்தச் சிவப்பு. இரண்டே இருக்கை. கூரையை மடித்து வைத்துவிட்டால் தலைக்கு மேல் டில்லி வானம்தான். பிப்ரவரிக் குளிருக்கு இருவருமே புதுக் கோட்டு போட்டிருந்தார்கள். ஜனக்புரியில் கிளம்பும்போது பூக்காரர்கள் பானெட்டின் இரண்டு பக்கமும் கேந்தா என்கிற ஆரஞ்சு நிறத் துலுக்கச் சாமந்திச் சரங்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். வழியெல்லாம் ஆட்டோக்காரர்கள் "ஷாதி முபாரக், பையா!" என்று கத்திக்கொண்டே போனார்கள். இருவரும் கையசைத்தார்கள்.

நாளைக் காலை முகூர்த்தம். அது முடிந்தால் இருவரும் உறவு. அதற்கப்புறம் அங்கிளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அபினவ் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் இன்றைய ஜானவாசத்தை முடிவு செய்தவன் அவன்தான். அம்மாவின் கல்யாணத்தில் அது நடக்கவே இல்லை. அப்பா வந்த ரயில் நாள் முழுக்கத் தாமதமாகி, மாப்பிள்ளை நேரே முகூர்த்தத்துக்கு வந்து இறங்கினார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அப்பா. அவர் போனபிறகு அம்மா அதைச் சொல்வதில்லை. கல்யாணம் நிச்சயமானதும் அபினவ் சொல்லிவிட்டான்: திறந்த கார், நாயனம், ஊர்வலம் எல்லாம் உண்டு. அம்மா கண்ணாலே பார்க்கணும்.

மண்டபம் இருக்கும் ஆர்.கே.புரம் போய்ச் சேர இன்னும் பாதி தூரம் இருந்தது. பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வேறு. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் குணாவுக்கு போன் போட்டான்.

"பெல்ட்டைப் பாருடா" என்றான் குணா ஸ்பீக்கரில்.

கல்யாணராமன் தன் மார்பைத் தடவிப் பார்த்தார். "நான் போட்டுண்டிருக்கேன்ப்பா. இவனும் போட்டுண்டிருக்கான்."

"சீட் பெல்ட் இல்லை அங்கிள். எஞ்சின் பெல்ட். அது ஆல்டர்னேட்டரைச் சுத்தினாத்தான் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். சுத்தலேன்னா இருக்கற சார்ஜ்லதான் வண்டி ஓடும். ஹெட்லைட் போட்டா சீக்கிரம் படுத்துடும். ஆஃப் பண்ணிடாதீங்க, மறுபடி ஸ்டார்ட் ஆகறது சந்தேகம்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அபினவ் பானெட்டைத் திறந்து திடுக்கிட்டான்.

"அங்கிள், பேட்டரியையே காணோம். எவனோ எடுத்துண்டு போயிட்டான்."

"பேட்டரி இல்லாம ஜனக்புரியிலேர்ந்து உன்னோட ஆசையிலயா ஓடித்து?"

"டிக்கில இருக்குடா, மக்கு" என்றது போன். "இந்த வண்டிக்குப் பின்னாடிதான் வைப்பாங்க."

கல்யாணராமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பானெட்டைச் சுற்றி வந்தார். நின்றார்.

"வலது பக்கம் பூச்சரம் இருக்கு. இடது பக்கத்துது எங்கே?"

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பானெட் இடுக்கில் செருகியிருந்த சரம் உள்ளே இழுபட்டு, ஆல்டர்னேட்டர் சக்கரத்தில் நூல் நூலாகச் சுற்றியிருந்தது. நசுங்கிய இதழ்களின் மேல் பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டது.

"இதை எடுக்கணும்னா ஆஃப் பண்ணியாகணும்" என்றார்.

"ஸ்டார்ட் ஆகலேன்னா?"

"தள்ளிண்டு போவோம்."

"மாப்பிள்ளையே காரைத் தள்ளிண்டு வந்தா நன்னாவா இருக்கும் அங்கிள்? அம்மா மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது?"

"தள்ளக் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துல போட்டிருக்கு? ஊர்வலம் பார்க்கணும்னு உங்கம்மாக்கு ஆசைன்னா, தள்ளியாவது கொண்டு சேர்க்கணும். அணைடா."

அணைத்தான். அவர் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நூலை அறுத்து அறுத்து இழுத்தார். அபினவ் செல்போன் டார்ச்சைப் பிடித்தான். கடைசி நூல் வந்தபோது அவர் முழங்கை வரை கறுப்பும் ஆரஞ்சும்.

"கோட்டைப் போட்டுட்டா தெரியாது" என்றார். "போய் ஸ்டார்ட் பண்ணு."

அபினவ் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை முனகியது. இன்னொரு முறை முனகியது. பிறகு உறுமியது. சிவப்பு விளக்கு பொட்டென்று அணைந்தது.

"அச்சா!" என்றார் கல்யாணராமன், கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே.

ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயில் வாசலில் நாயனம் காத்திருந்தது. யாரும் அழைக்காமலே பஞ்சாபி டோல் மேளக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். நாயனம் ஒரு தாளத்திலும் டோல் வேறு தாளத்திலும் போக, கார் நடை வேகத்தில் மண்டபம் வந்து சேர்ந்தது. மாடி ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அபினவ் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

கல்யாணம் பண்ணிவைக்க ஃபரீதாபாதிலிருந்து வந்திருந்த வாத்தியாருக்குக் குடும்பத்தில் யாரையும் தெரியாது. மாலைத் தட்டோடு காருக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெண்ணோட கூடப்பிறந்தவா யாராவது வந்து மாப்பிள்ளைக்கு மாலை போடுங்கோ. ஜல்தி!"

அபினவ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். தட்டிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்து, கல்யாணராமன் கழுத்தில் போட்டான்.

வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ பெண்ணுக்குத் தம்பியா?"

"இல்லை மாமா," என்றான் அபினவ். "பிள்ளை."