போட்டிக்கு ஒரு கொட்டாவி

“தேர்தல்னா போட்டி வேணும். போட்டி இல்லாம ஒருத்தர் தலைவரானா அதுக்குப் பேரு முடிசூட்டு விழா,” என்றார் கோஷம்.

கோஷம் என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். அந்த அலுவலகக் கட்டடத்தில் தரை துடைப்பவர். துடைத்ததைவிடக் கோஷம் போட்டது அதிகம். கையுறை வேண்டும் என்று ஒரு கோஷம், பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை வேண்டும் என்று ஒரு கோஷம். துப்புரவுக் காண்ட்ராக்டர் அவரை இரண்டு முறை வேலையைவிட்டு நிறுத்தினார். இரண்டு முறையும் வாசலில் உட்கார்ந்தே வேலையைத் திரும்ப வாங்கினார். கடைசியில் காண்ட்ராக்டர்தான் மூட்டை கட்டினார்.

“நீங்களே கூட்டுறவுச் சங்கமாச் சேர்ந்து வாங்க, வேலையை உங்களுக்கே தர்றோம்,” என்றது கட்டட நிர்வாகம்.

இதோ, பக்கெட்டும் மாப்பும் அடுக்கிய அடித்தள அறையில் கூட்டம். முதலாளி இல்லாத தொழில். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. எந்த மாடி யாருக்கு, தரை தேய்க்கும் மெஷினைச் சொந்தமாக வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா, எல்லாம் காலையிலிருந்து பேசி முடித்தாயிற்று.

“கக்கூஸ் கழுவுற வேலை மட்டும் முறை வச்சு மாறுமாண்ணே? எப்பவும் எங்க தலையிலதான் விழுது,” என்று எழுந்தாள் ஒருத்தி.

“அதை நான் பார்த்துக்கறேன். நீ உட்காரு.”

அவள் உட்கார்ந்தாள்.

மிச்சம் இருந்தது தலைவர் பதவி. அது யாருக்கு என்பதில் கோஷத்துக்குச் சந்தேகமே இல்லை. அடி வாங்கியவனுக்குத்தானே நாற்காலி. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, எதிர்த்து நிற்க ஒரு ஆள் வேண்டும். சுற்றிலும் பார்த்தார். கண் கொட்டாவிமேல் நின்றது.

கொட்டாவி லிஃப்ட் துடைப்பவர். காண்ட்ராக்டர் திட்டும்போதே கொட்டாவி விட்டவர். ஊர்வலத்தில் அவர் வாய் திறந்ததுண்டு, சத்தம் வந்ததில்லை.

“நீ என்னை எதிர்த்து நில்லு.”

“நானா? எதுக்குண்ணே வம்பு?”

“ஜனநாயகத்துக்கு.”

“தோத்தா என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சும்மா பேருக்கு நில்லு.”

“நின்னுக்கிட்டே இருக்கணுமா?”

“உட்கார்ந்துக்கிட்டே நில்லுப்பா.”

கழுவிக் கவிழ்த்த பக்கெட் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்கள். எல்லோரும் சீட்டு எழுதிப் போட்டார்கள். கூட்டத்திலேயே மூத்தவரான பினாயில் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

“கொட்டாவி.”

கோஷம் சிரித்துக்கொண்டார். அது அவரே போட்ட சீட்டாக இருக்கும். தன் பெயரைத் தானே எழுதுவது அசிங்கம் என்று எதிராளி பெயரைப் பெருந்தன்மையாக எழுதியிருந்தார்.

“கொட்டாவி.”

பாவம், யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

“கொட்டாவி. இதுவும் கொட்டாவி. இதுல எழுத்துப் பிழை, ஆனா கொட்டாவிதான்.”

பக்கெட் காலியானது.

“மொத்தமும் கொட்டாவிக்கே,” என்றார் பினாயில் அக்கா.

யாரும் கை தட்டவில்லை. ஜெயித்தவரே திறந்த வாயைப் பாதியில் மூடிக்கொண்டார்.

கோஷம் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவரும் அதே கட்டடத்தில்தான் கண்ணாடி துடைக்கிறார், அவரும் உறுப்பினர்.

“நீ யாருக்குப் போட்ட?”

“கொட்டாவிக்கு.”

“வீட்டுக்குள்ளயே துரோகமா?”

“நான் மட்டும் பண்ணலைங்க. சீட்டு எழுதறப்போ ஒவ்வொருத்தர் காதுலயும் போய்ப் பண்ணச் சொன்னதும் நான்தான்.”

கோஷம் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

“நல்லா இருங்க. உங்களுக்காக வெயில்ல கிடந்தவன் நான். என் பேரை அடிச்சிடுங்க. துடைக்கறதுக்கு ஊர்ல வேற தரையா இல்ல?”

விறுவிறுவென்று படியேறினார். பின்னால் தடதடவென்று சத்தம். கொட்டாவி ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“அண்ணே, நீங்க போனா நானும் ராஜினாமா.”

“அதான் பதவி வந்துடுச்சே. போய் அனுபவி.”

“எங்கண்ணே அனுபவிக்கறது? ஒரு நாள் லேட்டா வந்தா விடுவீங்களா? எனக்கு வேண்டியவனுக்கு நல்ல மாடியா பார்த்துக் குடுத்தா சும்மா இருப்பீங்களா?”

“எதுக்குச் சும்மா இருக்கணும்? முதல் நாளே உன் முன்னாடி வந்து நிப்பேன்.”

“பார்த்தீங்களா. கொட்டாவிகூட வர மாட்டேங்குதுண்ணே.”

கோஷத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை. பின்னாலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்த மனைவியிடம் திரும்பினார்.

“இவனுக்கு இருக்கற தகுதி எனக்கு இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“தகுதி இல்லைன்னு யாரு சொன்னா?” என்றார் மனைவி, அவர் தோளிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டே. “கொட்டாவி தப்புப் பண்ணினா கேக்கறதுக்கு நீங்க இருக்கீங்க. நீங்க தப்புப் பண்ணினா கேக்கறதுக்கு எங்ககிட்ட யாருங்க இருக்கா?”