மேஜை இல்லாத ஒருவர்

டனீடன் நகரத்து மாதா கோயில் கூடத்தில், சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து அச்சடிப்பவர்களின் சந்தை. முப்பத்தெட்டு மேஜைகளில் முப்பத்தெட்டு ஓவியர்கள். காலையிலிருந்து ஒருவர் புத்தகத்தை ஒருவர் மாற்றிக்கொண்டதுதான் வியாபாரம்.

"டங்கன், வெளியாள் ஒருத்தராவது வரலைன்னா அடுத்த வருஷம் கூடம் கிடையாதாம்" என்றாள் ஓவியர்களில் ஒருத்தியான ஹினே, சந்தையை நடத்தும் சக ஓவியனிடம்.

அந்த நேரம் பார்த்து, மழைக்கோட்டும் பெரிய பையுமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார். டங்கன் பாய்ந்தோடினான்.

"வாங்க, வாங்க! சந்தையை நல்லா நடத்த ஏதாவது யோசனை சொல்லுங்களேன்!"

"வாசல்ல ஒரு போர்டு வைக்கக் கூடாதா? இடம் தெரியாம மூணு தடவை சுத்தினேன்."

அத்தனை ஓவியர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை! ஹினே தூரிகையும் அட்டையுமாக வாசலுக்கு ஓடினாள்.

"வெளிச்சம் பத்தலையே."

எல்லா விளக்குகளும் எரிந்தன.

"உட்கார ஒரு நாற்காலி?"

பதினோரு நாற்காலிகள் வந்தன. டங்கனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாசகர்! அசல் வாசகர்!

"வேற ஏதாவது வேணுமா மேடம்?"

அவர் கூச்சத்தோடு பையைத் திறந்து, ஸ்டேப்ளர் அடித்த புத்தகங்களைக் கட்டுக்கட்டாக எடுத்தார்.

"என் பேர் நைரீ. இது நானே வரைஞ்சது. எனக்கும் ஒரு மேஜை கிடைக்குமா?"

கூடமே சிரித்தது. டங்கன் தலையில் அடித்துக்கொண்டு முப்பத்தொன்பதாவது மேஜையை இழுத்துப் போட்டான்.

கதவு திறந்தது. மழையில் நனைந்த ஒரு தம்பதி.

"போர்டைப் பார்த்தோம். சும்மா உள்ள வரலாமா?"

முப்பத்தொன்பது பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் நைரீ.