ஏழில் செவ்வாய்

“ஏட்டி கோதை, ஹைதராபாத்துக்குப் போயி அப்படி என்னதான் படிக்கப் போறே?”

அப்பா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோசியர் சுயம்புலிங்கம் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். அவருக்கு எதிரே ராஜபாளையம் பஞ்சாலை மேஸ்திரி ராஜரத்தினம், மகள் ஜாதகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

உள்நடையில் அழகுத்தாய் அக்கா சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சர், சர் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது.

“அஸ்ட்ரானமி” என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் காதில் அது அஸ்ட்ராலஜி என்று விழுந்திருக்கிறது. நான் திருத்தவில்லை. திருத்தினால் வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்?

“கேட்டியளா மேஸ்திரி! நம்ம தொழிலைப் பெரிய காலேஜுல போயி படிக்கப் போறா. ஆம்பளப் புள்ள இல்லாத கொறை தீந்துச்சு.”

நம்ம தொழில்.

ராஜபாளையம் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்த எண்பத்தெட்டாம் வருஷம் அது. எனக்கு மெக்கானிக்ஸ் பிடிக்கும். ஒளியியல் பிடிக்கும். வகைக்கெழுச் சமன்பாடுகள் என்றால் சோறு வேண்டாம். உருண்டை மேல் வரைகிற முக்கோணங்களின் கணக்கும் பிடிக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பரிபூரணம் டீச்சரிடம் போய் நின்றேன். “நாலும் ஒரே எலையில வேணும்னா வானியல்தான்” என்றார்.

எனக்கு வேண்டியது ஐந்து. ஐந்தாவதை டீச்சரிடம் சொல்லவில்லை. அது பழி.

அக்கா ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய் என்று எழுதியவர் அப்பா. ஏழில் இருந்தால் தோஷம். அதே தோஷம் உள்ளவனுக்குத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். வந்த நல்ல வரன்களையெல்லாம் தட்டிவிட்டு, மகாராஜபுரத்தில் ஒருவனைத் தேடிப் பிடித்தார்.

செவ்வாய் பொருந்தியது. வேறு ஒன்றும் பொருந்தவில்லை.

அவன் விட்ட ஓர் அறையில் அக்காவின் இடது காது போய்விட்டது. அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தவள் திரும்பிப் போகவில்லை.

அப்பா வாக்கியப் பஞ்சாங்கக்காரர். பழைய வாய்பாட்டை மாற்றாமல் கணிப்பது வாக்கியம். வானத்தில் கிரகம் நிஜமாக நிற்கிற இடத்தை வைத்துத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். சில சமயம் இரண்டுக்கும் ஒரு வீடே வித்தியாசம் வந்துவிடும்.

கெப்ளர் விதிகளைப் படித்து முடித்ததும் நான் போட்ட முதல் கணக்கு, அக்கா பிறந்த ஐப்பசி விடியலில் செவ்வாய் எங்கே நின்றது என்பதுதான். போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது ஆறாம் வீட்டின் கடைசியில் நின்றது. எல்லையைத் தாண்டவே இல்லை.

ஆறில் செவ்வாய் இருந்தால் தோஷமே கிடையாது.

இன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறுப்பார், கத்துவார். கத்தட்டும். படித்துவிட்டு வந்து, இந்த ஊர் நடுவில் அவர் பஞ்சாங்கத்தைக் கிழித்துக் காட்டுவேன்.

அதற்கு முதலில் அவர் வாயால் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். பிறத்தியார் முன்னால் குறித்த நாளை ஜோசியர் சுயம்புலிங்கம் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை.

“செவ்வா, பொதன் வடக்கே சூலம். வியாழக்கெழம கெளம்பு” என்றார் அப்பா.

மேஸ்திரி என்னை வாழ்த்தினார். ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு, பொறவு வாரேன் என்று கிளம்பினார். அவர் செருப்பு மாட்டித் தெருவில் இறங்கும்வரை பொறுத்திருந்தேன்.

“அக்காவுக்குச் செவ்வா ஏழுல இல்லப்பா. ஆறுல.”

அப்பா மேஸ்திரி மகளின் ஜாதகத்தை விரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும்” என்றார்.

“எப்ப இருந்துப்பா?” என்றேன்.

“அவ கல்யாணத்துக்கு முந்தியே திருக்கணிதத்துலயும் போட்டுப் பாத்தேன். ஆறுதான். அதுக்கு? இந்த வாக்கியத்தை வச்சு எம்புட்டுப் பேரு பொண்ணுகளுக்குத் தோசம்னு சொல்லிருக்கேன். ஊருக்கு ஒரு பஞ்சாங்கம், எம்மவளுக்கு ஒரு பஞ்சாங்கமான்னு கேக்க மாட்டாவளா?”

ஐந்து பாடத்தையும் ஒன்றாகப் படித்து வந்து நான் நிரூபிக்க இருந்ததை, அவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதுபோல் சொல்லிவிட்டார்.

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அக்கா இருக்கும்போது அவர் தாழ்த்துவதே இல்லை. பொருத்தம், தோஷம் என்ற பேச்செல்லாம் விழ வேண்டாம் என்று அவள் எப்போதும் செவிட்டுக் காதை இந்த அறைப் பக்கம் வைத்துத்தான் உட்காருவாள். அது அவருக்குத் தெரியும்.

சுளகுச் சத்தம் நின்றது.

அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தி உள்நடையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலையில், ‘கல்லு பொறுக்க இந்தப் பக்கந்தாங்க்கா வெளிச்சம்’ என்று சொல்லி, அவள் மணையைத் திருப்பிப் போட்டிருந்தேன்.