அப்பம் காப்பவர்

ஒன்பது நாட்களாகத் துறவி லியோப்ரூன், நற்செய்தியின் லத்தீன் வரிகளுக்கிடையே, பொடி எழுத்தில் தன் தாய்மொழியான ஆங்கிலத்தில் அர்த்தத்தை யாருக்கும் தெரியாமல் எழுதி வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் மடத்துத் தலைவி தோல் ஏட்டிலிருந்து அத்தனையையும் சுரண்டியெடுக்கக் கத்தியோடு வந்தார்.

"வேதத்தில் மாடு மேய்க்கிறவன் பாஷையா? ஆண்டவருக்கு 'அப்பம் காப்பவர்'னா எழுதுவே?"

"நம்ம ஊரில் எஜமானுக்கு அதுதானே அம்மா சொல்?"

"அப்போ கர்த்தர் சமையல்காரரா?" என்று இளம் துறவி ஒருத்தி கேட்க, அறையே சிரித்தது.

தலைவி சிரிக்கவில்லை. அடுத்த ஆங்கிலச் சொல்லை விரல் வைத்து வாசித்தார். அதற்கடுத்ததையும். குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கம் புரட்டிய வேகத்தில் கத்தி கீழே விழுந்தது.

"மீதியையும் எழுதுடி, இன்னைக்கே! முப்பது வருஷமா நான் இந்த லத்தீனை அர்த்தம் தெரியாமத்தான் வாசிச்சேன்!"